முட்டைக் கண்ணும் கால் பரீட்சையும்

என் கதையில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. செத்துப்போன ஒரு நிலவு, அதன் வயிற்றுக்குள் ஒரு சுரங்கம், சுரங்கத்துக்குள் ஓர் ஊர், அந்த ஊருக்குக் காற்று விற்கிற ஒரு கம்பெனி. காற்று முகமூடி இல்லாமல் யாரும் வெளியே தலைகாட்ட முடியாது. எல்லோருடைய மணிக்கட்டிலும் ஒரு மீட்டர் இருக்கும். பச்சை எரிந்தால் காற்று இருக்கிறது. மஞ்சள் என்றால் குறைகிறது. சிவப்பு வந்துவிட்டால் அதற்குப் பிறகு மீட்டரைப் பார்த்துப் பிரயோஜனமில்லை.

இப்படி ஒரு கதையை வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டு எழுதி முடித்திருந்தேன். அதற்குப் படம் வரையப்போவது தான்தான் என்று என் தங்கை வந்து சொன்னாள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

அவள் என்ன வரைகிறவள் என்று தெரிந்தால் உங்களுக்கும் ஏறும். வாராவாரம் வருகிற படக்கதைப் பத்திரிகை ஒன்றில் பள்ளிக்கூடப் பெண்களின் தொடர் ஒன்று ஓடுகிறது. நடுநடுவே ஒரு பூனை பேசும். அதை வரைகிறவள் அவள்தான். அனிமே பாணி. பெண்களுக்குக் கோழிமுட்டை அளவில் கண், கண்ணுக்குள் மூன்று நட்சத்திரம், மூடிய அறைக்குள்ளேயும் பறக்கிற தலைமுடி. யாராவது வெட்கப்பட்டால் பின்னால் பூ பூக்கும். அந்தக் கையை வைத்துக்கொண்டு என் சுரங்கத்துக்குள் இறங்கப்போகிறாளாம்.

“எடிட்டர் சொல்லிட்டார்க்கா,” என்றாள், ஃபிரிட்ஜைத் திறந்து எதையோ தேடிக்கொண்டே. “கரி போயிட்டார்ல. வேற ஆள் கிடைக்கல. நீயே வரைஞ்சுடுன்னுட்டார்.”

கரி என்பது ஓர் ஓவியருக்கு அந்த அலுவலகம் வைத்த பட்டப்பெயர். அவர் படங்களில் அவ்வளவு கறுப்பு, அவ்வளவு நிஜம். துருப்பிடித்த திருகாணியை அவர் வரைந்தால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளத் தோன்றும். என் புத்தகத்துக்கு அவர்தான் என்று பேசி முடித்து, நான்கு பக்கம் மாதிரியும் வரைந்து கொடுத்திருந்தார். போன மாதம் வேறொரு கம்பெனி அவரைக் கொத்திக்கொண்டு போய்விட்டது.

“இது இருட்டுக் கதைடி,” என்றேன்.

“இருட்டுன்னா கறுப்பு மைதானே. என்கிட்ட நிறைய இருக்கு.”

“முட்டைக் கண்ணை வச்சு யாரைப் பயமுறுத்தப்போற? படிக்கிறவன் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும். சிரிச்சுக்கிட்டிருக்கிற நேரத்துல பயம் வந்தா இன்னும் நல்லா வரும்.” அவள் ஃபிரிட்ஜை மூடிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம் இதுதான். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தப் பத்திரிகைக்காரர்கள் வருடத்துக்கு ஒரே ஒரு பெரிய படக்கதைப் புத்தகம் போடுவார்கள். எதைப் போடுவது என்று தீர்மானிக்க அவர்களிடம் ஒரு வினோதமான வழக்கம் உண்டு. முதல் அத்தியாயத்தை அச்சடித்து, அலுவலகத்தின் நீண்ட நடையில், சுவரோரமாக வரிசையாகக் குத்திவைப்பார்கள். பிறகு கட்டிடத்தில் இருக்கிற எல்லோரையும் கூப்பிடுவார்கள். கணக்குப் பிரிவு, கட்டுகளை லாரியில் ஏற்றுகிறவர்கள், கீழ்த்தளப் பல் மருத்துவரின் உதவியாளர்கள் என்று யாரும் பாக்கி கிடையாது. எல்லோரும் வாய் திறக்காமல் நின்றபடியே படித்துக்கொண்டு நகர வேண்டும். எடிட்டர் நடையின் கோடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கால்களை மட்டும் பார்ப்பார். எங்கே நிற்கிறது, எங்கே ஒரு பக்கத்தைத் தாண்டி ஓடுகிறது, கடைசிப் பக்கம்வரை எத்தனை கால் வருகிறது. அபிப்பிராயம் கேட்கவே மாட்டார். வாய் பொய் சொல்லும், கால் சொல்லாது என்பது அவர் கட்சி. அலுவலகத்தில் இதற்குக் கால் பரீட்சை என்று பெயர்.

கால்கள் வராவிட்டால் கதை இரும்பு அலமாரிக்குள் போய்விடும். அங்கே போன கதை எதுவும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பரீட்சைக்கு இருந்தது இரண்டு வாரம்.

மறுநாள் சாயங்காலமே முதல் பக்கத்தை நீட்டினாள். தாயும் மகளும் சுரங்கப் பாதையில் நடக்கிறார்கள், பின்னால் கூரை இடிந்து விழுகிறது. அதுதான் என் தொடக்கம். வாங்கிப் பார்த்தேன். முகமூடிக்கு மேலே இரண்டு பெரிய கண்கள், அந்த மகளுக்கு. நான் கரியின் பக்கத்தை எடுத்து வந்து மேஜையில் பக்கத்தில் போட்டேன். இரும்பு, தூசி, கசிகிற குழாய். என் நெஞ்சு அந்தப் பக்கமேதான் சாய்ந்தது.

“இதுதான் என் கதை,” என்று கரியின் பக்கத்தைத் தட்டினேன். “உன்னோடது பிறந்தநாள் அட்டை.”

“சரி. இதுல அம்மா யாரு, பொண்ணு யாரு?”

“உயரமா இருக்கிறது அம்மா.”

“உட்கார்ந்திருக்கிறப்போ?”

நான் கரியின் இரண்டாவது பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தார்கள். முகமூடி போட்ட இரண்டு உருவம். எது யாரென்று கதையை எழுதின எனக்கே ஒரு நிமிடம் பிடித்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

“முகமூடிய நீதான் போட்டுவிட்ட,” என்றாள். “மூக்கு இல்ல, வாய் இல்ல. மிச்சம் கண்ணு மட்டும்தான். அதையும் சின்னதா வரைஞ்சா, நான் எதை வச்சு அழவைக்கிறது? குழாயை வச்சா?”

அந்த நேரத்தில் அம்மா வேலையிலிருந்து வந்தாள். டாக்சி கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில், நாள் முழுக்க எந்த வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பது அவள் வேலை. வீட்டிலும் அதே வேலைதான், வண்டிக்குப் பதில் நாங்கள். பையைக்கூட இறக்கி வைக்காமல் மேஜையை எட்டிப் பார்த்தாள். கரியின் பக்கத்தைப் பார்த்து, “அடேயப்பா, மிஷின் நல்லா இருக்கே,” என்றாள். பிறகு தங்கையின் பக்கத்தைப் பார்த்தாள்.

“இந்தப் பொண்ணு சாப்பிட்டாளா?” என்று கேட்டாள்.

தங்கை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே ஒரு குட்டு வைத்திருக்கலாம். நான் எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்தேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு குளிர்பதனக் கிடங்கில். உள்ளே போனால் தடித்த கோட்டு, தலைமூடி, மூக்கும் வாயும் மறைகிற துணி. மறுநாள் அங்கே எதிரே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவந்தவரைப் பார்த்ததும், “என்ன, வீட்டுல சண்டையா?” என்று கேட்டேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

“உங்களுக்கு யார் சொன்னது?”

“யாரும் சொல்லல. உங்க கண்ணைப் பார்த்தேன்.”

சொன்ன வாயை அப்படியே மூடிக்கொண்டேன். எத்தனையோ வருடமாக முகமூடிகளுக்கு நடுவில் வேலை பார்க்கிறேன். இந்தக் கிடங்கைப் பார்த்துத்தான் அந்தச் சுரங்கத்தையே எழுதினேன். இங்கே ஒருவர் எனக்கு எதுவாகத் தெரிகிறார் என்றால் கண்ணாகத்தான் தெரிகிறார், அதுவும் அளவுக்கு மீறின பெரிய கண்ணாக. இதை அவளிடம் போய்ச் சொல்ல வேண்டுமே என்பதுதான் எனக்கு அன்றைக்கெல்லாம் எரிச்சல்.

சொல்லவில்லை. வீட்டுக்குப் போனதும் வேறு சண்டையை ஆரம்பித்தேன்.

“பெரிய கண்ணு இருக்கட்டும். அந்த நட்சத்திரம் எதுக்கு? சூரியன் கிடையாது, ஜன்னல் கிடையாது, விளக்கு பாதி செத்துப்போச்சு. கண்ணுக்குள்ள மினுக் மினுக்குன்னு இருக்கே, அந்த வெளிச்சம் எங்கிருந்துடி வருது?”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

“இன்னொரு தடவை கேளு.”

“வெளிச்சம் எங்கிருந்து வருது?”

அவள் எழுந்து விளக்கை அணைத்தாள். திரைச்சீலையை இழுத்துவிட்டாள். தன் போனை எடுத்து, முழுத்திரையும் பச்சையாக வருகிற மாதிரி எதையோ செய்து, என் மணிக்கட்டில் ரப்பர் பட்டையால் கட்டினாள். “கையைத் தூக்கிப் பாரு. மீட்டரைப் பார்க்கிற மாதிரி பாரு.” பார்த்தேன். அவள் என் முகத்துக்குக் கிட்டே வந்து, மூச்சு படுகிற தூரத்தில் நின்று, என் கண்ணையே பார்த்தாள்.

“அக்கா,” என்றாள் மெதுவாக. “உன் கண்ணுல பச்சை தெரியுது.”

எனக்கும் அந்த நொடியில் எல்லாம் ஒன்றாக விளங்கியது. என் கதையில் பாதி வரிகள் காற்று எவ்வளவு மிச்சம் என்று சொல்கிற வரிகள். ‘அவளிடம் இன்னும் கொஞ்சமே இருந்தது.’ ‘மீட்டர் மஞ்சளுக்கு மாறியது.’ அத்தனையும் தேவையில்லை. பக்கம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. நிறம் இரண்டே இடத்தில்: மணிக்கட்டில் எரிகிற மீட்டர், அதைப் பார்க்கிற கண். படிக்கிறவன் கண்ணைப் பார்த்தே மூச்சைப் பிடித்துக்கொள்வான். சின்னக் கண்ணில் இதைச் செய்யவே முடியாது. ஒரு புள்ளி வைக்கக்கூட இடம் இருக்காது. இருட்டுக் கதைக்குத்தான் முட்டைக் கண் வேண்டும்.

“வெட்டுடி,” என்றேன். “என் வரியையெல்லாம் வெட்டு.”

“நிஜமாவா? அந்தக் காற்று கவிதை மாதிரி ஒரு பத்தி இருக்கே?”

“அதையும் வெட்டு.”

அதற்குப் பிறகு எங்கள் வீடு வீடாக இல்லை. சாப்பாட்டு மேஜை மேல் கறுத்த தாள்கள். நான் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கோட்டைக் கழற்றாமலேயே குழிக்குள் விழுந்த பெண்ணாக நடித்துக் காட்டினேன். சோபாவுக்குப் பின்னால் தவழ்ந்தேன். அம்மா கையில் தட்டோடு வழி கிடைக்காமல் நின்று, “ரெண்டு பேரும் எந்தத் தெருவுல இருக்கீங்கன்னு யாராவது சொல்லுங்க,” என்றாள். விரட்டுகிற காட்சி ஒன்று வந்தது. தங்கை தன் பூனைக் கதையில் போடுகிற அதே வேகக் கோடுகளைப் போட்டாள். பூனை மீன் திருடி ஓடும்போது சிரிப்பு வந்த அந்தக் கோடுகள், இங்கே பாறை சரியும்போது என்னைத் தலையைக் குனியவைத்தன. பார்த்துவிட்டு நான் குதித்தேன். இந்த வயதில் குதித்தேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

எல்லாப் பக்கமும் முடிந்தபின் கடைசியாகக் கண்களுக்கு நிறம் போடுவது அவள் வழக்கம். கம்ப்யூட்டரில் மற்ற அடுக்குகளையெல்லாம் மறைத்துவிடுவாள். உடம்பு இருக்காது, கை இருக்காது, சுவர் இருக்காது. வெறும் கண்கள் மட்டும் வெள்ளைத் திரையில் மிதக்கும். பார்வை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதை வைத்து நிறத்தைத் தீற்றிக்கொண்டே போவாள். மற்றதெல்லாம் தெரிந்தால் கை தயங்குமாம். முடித்ததும் அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டாள். நானும் பார்க்கவில்லை. அவ்வளவு அவசரம்.

பரீட்சை நாளில் லீவு போட்டுவிட்டு, கால்கள் வருவதற்கு வெகுமுன்னே அந்த நடைக்குப் போய்விட்டேன். சுவரில் பதினாறு பக்கமும் குத்தியாகிவிட்டது. டியூப்லைட்டுக்குக் கீழே பார்க்கும்போது அந்தக் கறுப்பு என்னமாய் இருந்தது. முதல் பக்கத்திலிருந்து ரசித்துக்கொண்டே வந்தவள் ஐந்தாம் பக்கத்தில் நின்றேன்.

தாயின் மணிக்கட்டில் மஞ்சள். தாயின் கண்ணில் பச்சை.

ஏழாம் பக்கத்துக்கு ஓடினேன். அங்கேயும் கையில் மஞ்சள், கண்ணில் பச்சை. பன்னிரண்டில் கையில் சிவப்பே வந்துவிட்டது, கண்ணில் அதே பச்சை. என் கதையில் தாயிடம் இருப்பது ஓட்டை விழுந்த பழைய சிலிண்டர். அவள் காற்று குறைந்துகொண்டே போக வேண்டும். கண்ணைப் பார்த்தால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று தோன்றியது. மீட்டரின் நிறம் கண்ணில் தெரிய வேண்டும் என்பதுதான் எங்கள் விதி, அது தலைகீழாய்க் கிடந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“என்னடி பண்ணி வச்சிருக்க?” என்று நடையின் கோடியில் நின்ற தங்கையின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அவள் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஒவ்வொரு பக்கமாகப் போனாள், வந்தாள். ஐந்தாம் பக்கத்தில் மறுபடி நின்றாள்.

“நான் யோசிக்கவே இல்லக்கா. கண்ணு மட்டும்தானே தெரிஞ்சுது. எல்லாப் படத்துலயும் அம்மா பார்வை பொண்ணு பக்கம் திரும்பியிருந்தது. அதான் பொண்ணு கையில இருக்கிற நிறத்தைப் போட்டுட்டேன்.” குரல் உடைந்தது. “கெடுத்துட்டேன்.”

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் தாயின் பார்வை போகிற திசையில் மகளின் கை கண்ணில் பட்டது.

மகளிடம் இருப்பது புதுச் சிலிண்டர். அவள் மீட்டர் கடைசிவரை பச்சை. தாய் அதைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறாள். தன் கையில் மஞ்சள் வந்தது அவளுக்குத் தெரியாது, சிவப்பு வந்ததும் தெரியாது. அவள் தன் மணிக்கட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வருடக்கணக்காக அவளை எழுதின எனக்கு இது தெரியாமல் போயிற்று.

“படத்தை மாத்த முடியுமா?”

“குத்தின படத்தை எடுக்கக் கூடாது. அது இங்க சட்டம். வசனம் மட்டும் மாத்தலாம்.”

அது உண்மைதான். எழுத்தாளர்கள் கடைசி நிமிடம்வரை வார்த்தையை மாற்றுவார்கள் என்று தெரிந்து, அந்த அலுவலகத்தில் மாதிரிப் பக்கங்களில் வசனத்தைத் தனித்தாளில் அச்சடித்து, பலூன் வடிவத்தில் வெட்டி, மேலே ஒட்டுவார்கள். ஒட்டுகிறவருக்குப் பெயரே பலூன்காரர். கத்திரிக்கோலும் பசையுமாக நடையின் ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பதினைந்தாம் பக்கத்துக்குப் போனேன். வெளியேறும் கதவுக்கு முன்னால் மகள் முதல்முறையாகத் திரும்பித் தாயைப் பார்க்கிற இடம். அங்கே தாய்க்கு நான் ஒரு பேச்சு எழுதியிருந்தேன். நான் இல்லாவிட்டாலும் நீ நட, வெளிச்சம் உனக்காகக் காத்திருக்கிறது என்று ஏழு வரி. வாசித்துப் பார்த்து நானே அழுத பேச்சு. அதைப் பிய்த்து எடுத்தேன்.

“ரெண்டு பலூன் வேணும்,” என்றேன். “சின்னது.”

பலூன்காரர் டீயைக் கீழே வைத்தார். “என்ன எழுதணும்?”

“பொண்ணு கேட்கிறா: ‘உன்னுதுல எவ்வளவு இருக்கு?’ அம்மா சொல்றா: ‘பார்க்கல.’”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். பலூன்காரர் பசையைத் தடவி ஒட்டி, விரலால் நீவிவிட்டு, ஓரடி பின்னால் போய்ப் பார்த்தார். ஆறிப்போன டீயை அப்படியே விட்டுவிட்டு முதல் பக்கத்துக்கு நடந்தார்.

எடிட்டர் வந்து நாற்காலியைப் போட்டுக்கொண்டார். கால்கள் வந்தன. பாலிஷ் போட்ட ஷூ, ஹவாய்ச் செருப்பு, பல் மருத்துவர் இடத்து வெள்ளைக் காலணிகள், சிமெண்ட் தூசி படிந்த பூட்ஸ். நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றோம். பேசக் கூடாது. அவள் என் விரல்களை நெரித்தாள், நான் அவள் விரல்களை நெரித்தேன்.

முதல் பக்கத்தில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். முட்டைக் கண்ணுக்குத்தான். என் உயிர் பாதி போனது. மூன்றாம் பக்கத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. பாறை சரிகிற பக்கத்தில் ஒரு ஹவாய்ச் செருப்பு பின்னால் நகர்ந்து இன்னொருவர் ஷூவை மிதித்தது. ஒன்பதில் கணக்குப் பிரிவு அம்மாள் கைக்குட்டையை எடுத்தார். நன்றாகத்தான் போனது.

பதினைந்தில் முதலில் வந்து சேர்ந்தது சிமெண்ட் பூட்ஸ். நின்றது. பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது. எதிரே பதினாறாம் பக்கம், கடைசிப் பக்கம், ஓர் ஆளும் இல்லாமல் கிடந்தது. போங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஒரே ஓர் அடிதானே.

சிமெண்ட் பூட்ஸ் அசைந்தது. முன்னால் இல்லை. திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பின்பக்கமாக நடந்தது. பன்னிரண்டைப் பார்த்தது. ஏழைப் பார்த்தது. ஐந்துக்குப் போய் நின்று, தாயின் கண்ணுக்கு நேரே குனிந்தது. இரண்டு வெள்ளைக் காலணிகள் அதன் பின்னாலேயே ஓடின. கணக்குப் பிரிவு அம்மாள் முதல் பக்கத்துக்கே போய்விட்டார். வருகிறவர்களும் திரும்புகிறவர்களும் இடித்துக்கொண்டார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. செருப்புச் சத்தம் மட்டும், முன்னும் பின்னுமாக.

எடிட்டர் எழுந்துவிட்டார். அவர் பரீட்சையின் நடுவில் எழுந்து அந்தக் கட்டிடத்தில் யாரும் பார்த்ததில்லையாம். கூட்டத்துக்குள் நுழைந்து பதினைந்தாம் பக்கத்தைப் படித்தார். பிறகு அவரும் ஐந்தை நோக்கிப் பின்னால் நடந்தார். போகும்போது அவருடைய கால்களை மட்டுமே நான் பார்த்தேன். தலை நிமிர்ந்து முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எங்கள் முன்னால் வந்து நின்றார். “கடைசிப் பக்கத்துக்கு எல்லாரும் வருவாங்க. அவசரமில்ல,” என்றார். “இந்த வருஷம் இதைத்தான் போடுறோம்.”

எனக்குக் காது அடைத்துவிட்டது. தங்கை தண்ணீர்க் குடத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாள். எடிட்டர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “நீ ஜெயிச்சுட்டம்மா. எனக்கு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்ட மாதிரி இருந்தது. ஓடிக்கிட்டிருக்கிற தொடரை விட்டுட்டு எவளாவது வருவாளா?”

“தொடரை விட்டுட்டா?” என்றேன்.

அவர் ஆச்சரியத்தோடு என் பக்கம் திரும்பினார். “உங்களுக்குத் தெரியாதா? பூனைத் தொடர் இப்ப வேற ஆள் கையில. இவதான் என் மேஜைக்கு வந்து, எங்கக்கா கதையை நானே வரையறேன்னு நின்னா. அது வாராவாரம் வரணும், இதையும் வரைய முடியாது, ஒண்ணை விடுன்னு சொன்னேன். விட்டுட்டா. இன்னைக்குக் கால் வரலேன்னா இவளுக்குக் கொடுக்க இங்க ஒரு வேலையும் இல்ல.” அவர் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போய்விட்டார்.

பிறந்தநாள் அட்டை என்று சொன்ன என் வாய் எனக்கே கசந்தது. இரண்டு வாரமும் நான் பார்த்ததெல்லாம் என் கதை, என் வரி, என் அலமாரி பயம்.

“ஏண்டி என்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ பாவம் பார்த்திருப்பே,” என்றாள். “நான் எதை நீட்டினாலும் நல்லா இருக்குன்னிருப்பே. அந்த வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு கேட்டிருக்க மாட்டே. எனக்கு நீ திட்டணும்க்கா. நீ திட்டினாத்தான் எனக்கு வரைய வரும்.”

நடையின் கோடியில் கால்கள் ஒவ்வொன்றாகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அதற்குப் பதில் சுவரைக் காட்டினேன்.

“பதினோராம் பக்கத்துல அந்தப் பொண்ணு முடி பறக்குது,” என்றேன். “காத்தே விலைக்கு விக்கிற ஊர்ல எவ ஊதினா அதை?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பென்சிலை எடுத்தாள்.